அலை ஏறும் முன் நடக்க வேண்டிய பாதை: பாண்டன் கடற்கரையின் ‘சர்க்கிள்ஸ் இன் த சாண்ட்’

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஓரிகன் மாநிலத்தின் தென்பகுதியில், கோக்கில் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிப் பாண்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. கிரான்பெரி வயல்களுக்கும் கோல்ஃப் மைதானங்களுக்கும் பெயர்பெற்ற ஊர். இவ்வூரின் ஃபேஸ் ராக் கடற்கரையில், வசந்தகாலம் தொடங்கிக் கோடை முடியும்வரை, கடல் நன்றாக வற்றும் நாட்களில் ஒரு குழுவினர் இறங்கி, ஈரமணலில் மிகப் பெரிய சுருள்பாதை ஒன்றை வரைந்து, வந்தவர் எல்லோரும் நடப்பதற்காக அதைத் திறந்துவிடுகிறார்கள். ‘சர்க்கிள்ஸ் இன் த சாண்ட்’ என்பது அந்தச் சேவையின் பெயர். டென்னி டைக் என்பவர் தொடங்கியது. பொது நாட்களில் நடப்பதற்குக் கட்டணம் இல்லை. விரும்பியவர் நன்கொடை தரலாம். கடல் ஏறத் தொடங்கியதும் அன்றைய பாதை முடிந்துவிடும். ஊரார் கூடிச் செய்யும் சுற்றுச்சூழல் கலை என்ற பெயரில் நான் பார்த்தவற்றுள் இதைத்தான் தயக்கமின்றி முதலில் வைப்பேன். ஏன் என்பதையும், யாருக்கு இது ஒத்துவரும், யாருக்கு வராது என்பதையும் விரிவாகச் சொல்வதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

முதலில் சுருள்பாதை என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஆங்கிலத்தில் லாபிரிந்த் என்று சொல்லப்படும் இந்த வடிவத்தில் கிளைவழிகள் கிடையாது, முட்டுச்சந்து கிடையாது, ஒரே ஒரு வழிதான் உண்டு, அது வளைந்து திரும்பி, நெருங்குவதுபோல் நெருங்கி, விலகிப் போய், கடைசியில் நம்மைக் கொண்டுசேர்த்துவிடும். வேலிச்செடிகளுக்கு நடுவே வழி தெரியாமல் அலையவிடும் ‘மேஸ்’ வேறு வகை. நம்மிடமும் இந்த வடிவம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் கல் பரப்பி அமைக்கப்பட்ட ஏழுசுற்றுக் கோட்டைகளும், பொள்ளாச்சிக்கு அருகே 2015இல் செய்திகளில் அடிபட்ட கெடிமேட்டின் சதுர வடிவக் கற்பாதையும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஸ்வீடன், பின்லாந்து நாடுகளின் பால்டிக் கரையோர மீனவக் குடியிருப்புகளுக்கு அருகில் இதே ஏழுசுற்று வடிவம் நூற்றுக்கணக்கான இடங்களில் கற்களால் போடப்பட்டுக் கிடக்கிறது. பிரான்சில் ஷார்த்ர் பேராலயத்தின் தரையில் 13ஆம் நூற்றாண்டில் பதிக்கப்பட்ட பதினோரு சுற்று வடிவம் உலகம் முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. ஆகவே பாண்டன் குழுவினர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மிகப் பழைய ஒரு பழக்கத்தை, கல்லும் சுண்ணாம்பும் இல்லாமல், வெறும் மணலில் நடத்திக்காட்டுகிறார்கள்.

இது இந்தக் கரையில் சாத்தியமாவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, சட்டம். ஓரிகனின் ஈரமணல் பரப்பு முழுவதையும் பொது நெடுஞ்சாலை என்று 1913இல் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் காலத்தில் அறிவித்தார்கள். 1967இல் ஆளுநர் டாம் மெக்கால் கையெழுத்திட்ட கடற்கரைச் சட்டம், செடிகள் முளைக்கத் தொடங்கும் எல்லைவரை உள்ள உலர்மணலிலும் மக்களுக்கு உள்ள உரிமையை உறுதிசெய்தது. அண்டை மாநிலங்களில் சில கரைகளில் காணப்படும் ‘தனியார் நிலம், உள்ளே வராதீர்’ என்ற பலகையை இங்கே மணலில் பார்க்க முடியாது. ஒரு குழு தன் விருப்பப்படி கடற்கரையில் பெரிய படம் வரைந்து, வழிப்போக்கர் அனைவரையும் அழைத்து நடக்கவைக்க வேண்டுமென்றால் அந்த நிலம் எல்லோருக்கும் உரியதாக இருக்க வேண்டும். கலையைப் பற்றிப் பேசும்போது இத்தகைய சட்டங்களை நாம் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது காரணம் கடலின் கணக்கு. இந்தக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இரண்டு வற்றங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை, ஒன்று மற்றதைவிட ஆழமாக இறங்கும். வசந்தத்திலும் கோடையிலும் அந்த ஆழமான வற்றம் பெரும்பாலும் காலைப் பொழுதில் அமைகிறது. குளிர்காலத்தில் அதுவே மாலைக்கும் இரவுக்கும் போய்விடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் இன்னும் வெகுதூரம் உள்வாங்கும். ஆகவே குழுவினர் வெளியிடும் பருவகால அட்டவணையைப் பார்த்தால் அது வாரநாள், விடுமுறைநாள் என்ற ஒழுங்கில் இருக்காது. நிலவையும் கடலையும் பின்பற்றி இருக்கும். வரையத் தொடங்கும் நேரம், நடக்க அனுமதிக்கும் நேரம், முடியும் நேரம் என்று தனித்தனியே குறித்திருப்பார்கள். கோடைப் பிற்பகல்களில் இந்தக் கரையில் வடமேற்குக் காற்று கடுமையாக வீசும் என்பதால் காலை வற்றம் நடப்பவர்களுக்கும் ஒரு வரம்தான். பயணத் திட்டம் போடுபவர்கள் விடுதி பதிவு செய்யும் முன் இந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும். எந்த நாளில் போனாலும் இருக்கும் என்று நம்பிப் போனால் வெறும் மணலைத்தான் பார்க்க நேரும்.

நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது, நடக்கத் திறக்கும் நேரத்துக்கு அல்ல, வரையத் தொடங்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும் என்பதை. அலை இறங்கிப்போன மணல் அப்போது பளபளவென்று, ஒரு காலடிகூடப் படாமல் கிடக்கும். முதலில் ஒருவர் கையில் நீண்ட தடியுடன், அளவுகோலோ கயிறோ இல்லாமல், பின்னோக்கியும் முன்னோக்கியும் நடந்தபடி கோட்டை இழுத்துக்கொண்டு போகிறார். புள்ளி வைக்காமல் வாசலில் கோலம் இழுக்கும் பெண்களின் கையில் இருக்கும் அதே நிதானம் அவருடைய முழு உடம்பிலும் இருப்பதைப் பார்க்க முடியும். ஏனென்றால் இங்கே கோடு இழுக்க விரல்கள் போதாது, தோளும் இடுப்பும் காலடியும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். கோடு போனதும், சருகு வாரும் ரேக்குகளை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் பின்தொடர்கிறார்கள். பாதைக்கு வெளியே இருக்கும் பகுதிகளை அவர்கள் கீறிவிட, அங்கே மணல் சொரசொரப்பாகி நிழல் பிடித்து மங்கலாகத் தெரிகிறது. நடக்கும் பாதை மட்டும் வழவழப்பாக வானத்தின் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கிறது. சாயம் இல்லை, பொடி இல்லை, வேறெந்தப் பொருளும் இல்லை. ஒரே மணலின் இரண்டு நிலைகளைக் கொண்டே படத்துக்கு இரண்டு நிறம் வந்துவிடுகிறது. இந்த உத்தியின் எளிமை எனக்கு மிகுந்த மரியாதையை ஏற்படுத்தியது.

வேலை நடக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்கள் சும்மா நிற்பதில்லை. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அந்தச் சுழி எதற்கு என்று கேட்கிறார்கள். குழுவினர் கையை நிறுத்தாமலே பதில் சொல்கிறார்கள். நாய்களுடன் உலாவ வந்த உள்ளூர்க்காரர்கள் படத்தைச் சுற்றி ஒதுங்கிப் போகிறார்கள். யாரும் கயிறு கட்டவில்லை, காவல் வைக்கவில்லை. கண்முன்னே ஒரு பாதை உண்டாவதைப் பார்த்துவிட்டு அதிலேயே நடப்பதற்கும், எப்போதோ யாரோ போட்டுவைத்த பாதையில் நடப்பதற்கும் இருக்கும் வேறுபாடு பெரியது. இந்த வளைவை இழுக்கும்போது அவர் சற்று நின்று கடலைப் பார்த்தார், இந்த மூலையை இரண்டு பேர் சேர்ந்து கீறினார்கள் என்ற நினைவு நடக்கும்போது கூடவே வருகிறது. பாதையை மதிக்கும்படி யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை மிதிக்கக் கால் தானாகவே கூசுகிறது.

நடை எப்படி இருந்தது என்பதற்கு வருகிறேன். நுழைவாயிலில் குழுவைச் சேர்ந்தவர் ஒரு புன்னகையுடன், அவசரம் வேண்டாம் என்ற அளவில் மட்டும் சொல்லி உள்ளே விடுகிறார். சில அடிகளிலேயே பாதை நம்மைக் கடலை நோக்கித் திருப்புகிறது. பிறகு முதுகைக் காட்டவைக்கிறது. பாறைகளுக்கு நேராகக் கொண்டுபோய், தொட்டுவிடலாம் என்று தோன்றும் நேரத்தில் வளைத்துக் குன்றின் பக்கம் திருப்பிவிடுகிறது. இந்தக் கரையின் தனிச்சிறப்பு நீரிலிருந்து செங்குத்தாக எழும் பாறைத் தூண்கள். அவற்றுள் ஒன்று, வானத்தை அண்ணாந்து பார்க்கும் பெண்முகம் போல இருப்பதால்தான் இடத்துக்கு ஃபேஸ் ராக் என்று பெயர். மேலே பார்வைத்தளத்தில் வைத்திருக்கும் பலகையில் இந்தப் பகுதிப் பழங்குடியினரின் கதையாகச் சொல்லப்படுவதைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது: நிலவொளியில் கடலில் நீந்தப் போன எவானா என்ற தலைவன் மகளைக் கடலின் தீய ஆவியான சியாட்கா பிடித்துக்கொண்டது; அதன் கண்களைப் பார்க்க மறுத்து, நிலவை மட்டுமே பார்த்தபடி அவள் கல்லானாள்; அவளுடைய நாயும் பூனைக்குட்டிகளும் அருகிலேயே பாறைகளாயின. பாதையில் திரும்பும்போதெல்லாம் அந்தப் பாறைகள் ஒவ்வொரு கோணத்தில் எதிர்ப்படுகின்றன. நின்ற இடத்திலிருந்து ஒரு முறை பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிற இயற்கைக் காட்சியை, பலமுறை, பல திசைகளிலிருந்து, நடந்துகொண்டே பார்க்கவைக்கிறது இந்தக் கலை. சுற்றுச்சூழல் கலை என்ற சொல்லுக்கு நான் ஏற்றுக்கொள்ளும் பொருள் இதுதான்: இடத்தின் மேல் ஒன்றை வைத்துவிட்டுப் போகாமல், இடத்தையே நமக்குக் காட்டுவது.

அமைப்பைப் பற்றி ஒரு கருத்து வேறுபாடு எனக்கு உண்டு. பழைய ஏழுசுற்று வடிவத்திலும் ஷார்த்ர் வடிவத்திலும் நடுவம் ஒன்று இருக்கும். அங்கே போய்ச் சேர்ந்து, சற்று நின்று, போன வழியே திரும்பி வர வேண்டும். பாண்டன் குழுவினரின் பொதுநாள் வடிவங்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் வெளியேறுமாறு, பல சுருள்களையும் பூவேலைப்பாடுகளையும் ஒரே பாதையால் கோத்து அமைக்கப்படுகின்றன. கூட்டத்தைக் கையாள இது மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. பழைய வடிவத்தில் உள்ளே போகிறவரும் வெளியே வருகிறவரும் ஒரே குறுகிய பாதையில் எதிரெதிரே சந்தித்து ஒதுங்க வேண்டியிருக்கும். இங்கே எல்லோரும் ஒரே திசையில் போவதால் நெருக்கம் குறைகிறது, குறைந்த நேரத்தில் நிறையப் பேர் நடக்க முடிகிறது. ஆனாலும் நடுவத்தில் சென்று நிற்கும் அந்தக் கணம் இல்லாமல் போவது எனக்கு இழப்பாகவே பட்டது. திரும்பி வரும்போது அதே வளைவுகள் தலைகீழாக வருவதில் ஒரு அனுபவம் இருக்கிறது. அதை விரும்புகிறவர்கள் சான்பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் உள்ள ஷார்த்ர் வடிவப் பாதைகளில் நடந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அழிந்துபோகிற ஒன்றுக்காக இவ்வளவு உழைப்பா என்று என்னுடன் வந்த உறவினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நிலைத்திருப்பதாக நாம் நினைக்கும் சுருள்பாதைகளின் வரலாற்றைப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கிறது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் சாஃப்ரன் வால்டன் என்ற ஊரின் பொதுத்திடலில், புல்தரையில் வெட்டப்பட்ட சுருள்பாதை ஒன்று இருக்கிறது. பாதையின் நீளம் ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர், அந்நாட்டில் எஞ்சியிருக்கும் புல்தரைச் சுருள்பாதைகளுள் அதுவே மிகப் பெரியது. அதைப் பற்றிய மிகப் பழைய பதிவு எது தெரியுமா? அதை யார் உருவாக்கினார் என்ற குறிப்பு அல்ல. 1699இல், புல் மூடிப்போன பாதையை மறுபடியும் வெட்டிச் சீராக்கியதற்காக ஊர் நிர்வாகம் கொடுத்த கூலிக் கணக்கு. அதன் பிறகும் பலமுறை வெட்டியிருக்கிறார்கள். 1911இல் பள்ளத்தில் செங்கல் பதித்தார்கள். புல் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். ஒரு தலைமுறை கைவிட்டால் போதும், பாதை மண்ணுக்குள் போய்விடும். இங்கிலாந்தில் அப்படி மறைந்துபோன புல்தரைச் சுருள்பாதைகள் எஞ்சியவற்றைவிடப் பல மடங்கு அதிகம்.

கல்லின் கதையும் வேறல்ல. சான்பிரான்சிஸ்கோவின் லேண்ட்ஸ் எண்ட் முனையில், கோல்டன் கேட் பாலத்தைப் பார்த்தபடி எடுவார்டோ அகிலேரா என்ற கலைஞர் 2004இல் கற்களால் அமைத்த சுருள்பாதை பெரும் புகழ் பெற்றது. அது பலமுறை விஷமிகளால் கலைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாத மக்கள் கூடிக் கற்களைப் பொறுக்கி வந்து மறுபடி அடுக்கினார்கள். அந்த மறு அடுக்கலில்தான் அது ஒரு தனிக் கலைஞரின் படைப்பு என்ற நிலையிலிருந்து ஊரின் சொத்தாக மாறியது என்பது என் கருத்து. பாண்டன் குழுவினர் இந்த உண்மையை முழுமையாக ஏற்றுக்கொண்டு, அதையே தங்கள் முறையாக்கிவிட்டார்கள். அவர்களுடைய பாதையை யாரும் கலைக்க வேண்டியதில்லை, கடலே கலைக்கிறது; பராமரிப்பு என்ற பின்வேலை அவர்களுக்கு இல்லை, ஒவ்வொரு முறையும் முதல் வேலைதான். ஊர்க் கலை என்பது எத்தனை கைகள் அதை மறுபடி மறுபடி செய்கின்றன என்பதைப் பொறுத்தது என்றால், இந்தக் குழுவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன்.

சுற்றுச்சூழல் நோக்கிலும் மணலே மேலானது. கற்பாதை போடுவதற்காகக் கரையிலும் ஆற்றிலும் கல் பொறுக்குவது இப்போது பல இடங்களில் தொல்லையாகிவிட்டது; ஓரக் கற்களுக்கு அடியில் நண்டும் பூச்சியும் வாழ்கின்றன, கல்லை எடுத்தால் அவற்றின் வீடு போய்விடும். ஓரிகன் கரையில் உலர்மணலில் கூடு கட்டும் பனி உப்புக்கொத்தி என்ற சிறு பறவை அருகிவரும் இனம். மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை அதன் கூடுகள் இருக்கும் பகுதிகளில் நாய், பட்டம், வாகனம் ஆகியவற்றுக்குத் தடை உண்டு, பாண்டனுக்குத் தெற்கே உள்ள சில பகுதிகளும் அதில் அடங்கும். சுருள்பாதையோ கடல் தினமும் மூடித் திறக்கும் ஈரமணலில் வரையப்படுகிறது. அங்கே ரேக்கு போட்ட கீறலை அடுத்த ஏற்றம் துடைத்துவிடும். எதையும் கொண்டுவராமல், எதையும் எடுத்துப்போகாமல் இவ்வளவு பெரிய படைப்பு ஒன்றைச் செய்ய முடிவதை, பெருந்தொகை செலவில் இரும்பும் கான்கிரீட்டும் கொட்டிச் சிற்பப் பூங்கா அமைப்பவர்கள் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி, போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய இடர்ப்பாடுகள். வண்டி நிறுத்தும் இடம் குன்றின் மேல் இருக்கிறது. மணலுக்குப் போக நீண்ட படிக்கட்டு இறங்க வேண்டும், திரும்ப ஏறவும் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் இது உண்மையான தடை. எங்கள் அப்பா மேலேயே தங்கிவிட்டார். ஆனால் முழு வடிவத்தையும் ஒரே பார்வையில் பார்க்க அந்தப் பார்வைத்தளமே மிகச் சிறந்த இடம் என்பது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. “கீழே நடக்குறவங்களுக்கு அடுத்த வளைவுதான் தெரியும், எனக்கு எல்லாருடைய வழியும் தெரிஞ்சுது” என்றார். ஆகவே வயதானவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். மடக்கு நாற்காலியும் நல்ல சால்வையும் எடுத்துக்கொண்டு அவர்களையும் அழைத்துப் போங்கள். கோடையிலும் இங்கே குளிரும். ஆழ்கடலிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும் கரை என்பதால் காலைகளில் மூடுபனியும் ஈரக்காற்றும் வழக்கம். சென்னைக் கடற்கரைக்குப் போவதுபோல் பருத்திச் சட்டையுடன் போனால் நடுங்குவீர்கள். மழையோ பெருங்காற்றோ இருந்தால் அன்றைய வரைவு நடக்காமல் போகலாம் என்பதால் கைவசம் இன்னொரு நாளும் வைத்துக்கொள்வது நல்லது.

குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஓரிகன் கரையில் எதிர்பாராத நேரத்தில் மற்றவற்றைவிட வெகுதூரம் ஏறி வரும் அலைகள் உண்டு. அலையில் புரளும் பெரிய மரக்கட்டைகள் உயிரைப் பறித்திருக்கின்றன. கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள் என்று அங்கே எல்லா இடங்களிலும் எச்சரிக்கிறார்கள். பாதை கடலிலிருந்து போதிய தூரத்தில்தான் வரையப்படுகிறது என்றாலும், நடந்து முடித்த பிள்ளைகள் உற்சாகத்தில் நீரை நோக்கி ஓடுவார்கள். ஒருவர் கண் அவர்கள்மேல் இருக்க வேண்டும்.

அமைதியான தனிநடையை எதிர்பார்ப்பவர்கள் கோடை விடுமுறையின் வார இறுதிகளைத் தவிர்த்துவிடலாம். கூட்டம் இருக்கும், படம் எடுப்பவர்கள் நிற்பார்கள், பின்னால் வருபவர் காத்திருப்பார். எனக்கு அது இடைஞ்சலாக இல்லை. மெதுவாக நடக்கும் மூதாட்டியின் பின்னால் அவருடைய வேகத்துக்கு நடந்தபோதுதான் மணலின் நிறமாற்றங்களைச் சரியாகக் கவனித்தேன். ஆனால் எல்லோருக்கும் அது பிடிக்காது. சுருள்பாதை நடந்தால் இன்ன நோய் தீரும், இன்ன மாற்றம் நேரும் என்று பலரும் பலவிதமாகச் சொல்வதுண்டு. அப்படி எதையும் எதிர்பார்த்துப் போக வேண்டாம். அடுத்து எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க வேண்டிய வேலையே இல்லாமல் அரைமணி நேரம் நடப்பது மனத்துக்கு ஓய்வாக இருக்கிறது. அதுவே போதுமான காரணம்.

ஒப்பீட்டுக்காக வேறொரு அனுபவத்தையும் சொல்கிறேன். எங்கள் பகுதிக் குடியிருப்புச் சங்க விழாவுக்காக, துணியில் அச்சிட்ட சுருள்பாதையை வாடகைக்குக் கொண்டுவந்து விரிக்கும் ஒரு சேவையை அமர்த்தியிருந்தோம். வடிவம் துல்லியமாக இருந்தது. ஆனால் துணி சுருங்கி மடிப்பு விழுந்த இடங்களில் கால் இடறியது. செருப்பைக் கழற்றச் சொன்னதால் பலர் ஏறவே இல்லை. விழா முடிந்ததும் சுருட்டிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நடந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்களே தவிர, அது எங்களுடையதாக ஆகவில்லை. அதே தொகையில் பாதியைச் செலவழித்து, பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டி, திடலில் நாங்களே சுண்ணாம்புப் பொடியால் வரைந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று பாண்டனில் நடந்த பிறகு உறுதியாகத் தோன்றியது.

அப்படி வரைவது கடினம் அல்ல. பழைய ஏழுசுற்று வடிவத்துக்கு ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதன் நான்கு கட்டங்களிலும் L எழுத்தைப் போன்ற ஒவ்வொரு மூலைக்கோடு, மூலை நடுவைப் பார்த்திருக்கும்படி. மூலைக்கோடுகளுக்கு வெளியே நான்கு முனைகளில் நான்கு புள்ளிகள். இதுதான் விதை. கூட்டல் குறியின் மேல்முனையிலிருந்து, அதற்கு வலப்பக்கத்தில் உள்ள மூலைக்கோட்டின் மேல்முனைக்கு ஒரு சிறு வளைவு. பிறகு இடப்பக்கத்து அடுத்த முனையிலிருந்து வலப்பக்கத்து அடுத்த முனைக்கு, முந்திய வளைவுக்கு மேலாக இன்னொரு வளைவு. இப்படியே இடமும் வலமும் ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டு போனால் எல்லா முனைகளும் தீரும்போது பாதை தயாராகிவிடும். நடக்கும் இடைவெளி 2 அடி என்று வைத்தால் முழு வடிவமும் சுமார் 30 அடி அகலம் வரும். உள்ளே போகும் பாதை மட்டும் ஏறத்தாழ 350 அடி நீளம் இருக்கும். முதலில் தாளில் சில முறை போட்டுப் பழகிவிட்டு மணலுக்குப் போகலாம். தடியால் கோடு போடுகிறவரை அவசரப்படுத்தாமல் விட்டுவிட்டு, கோட்டின் இரு பக்கமும் ரேக்கால் கீறும் வேலையை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளைகள்கூடச் சேர்ந்து செய்யலாம். மெரினா போன்ற கூட்டமான கரையைவிட, கடல் வற்றும்போது இறுகிய ஈரமணல் அகலமாகக் கிடைக்கும் கரையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தமிழ்நாட்டுக் கரையில் ஏற்ற வற்ற வேறுபாடு ஓரிகனைவிட மிகவும் குறைவு என்பதால் இடம் சிறியதாகவே கிடைக்கும். வடிவத்தையும் அதற்கேற்பச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும்.

பாண்டனுக்குப் போர்ட்லாந்திலிருந்து காரில் ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகும். இதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்டால், கரையோரப் பயணத்தின் ஒரு பகுதியாக இரண்டு இரவு தங்கும்படி வைத்துக்கொள்வது பொருத்தம் என்பேன். ஒரு நாள் வானிலை கெடுத்தாலும் மறுநாள் கிடைக்கும். திருமணம், நினைவு நாள் போன்ற தனிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கும் குழுவினர் வரைந்து தருவதுண்டு. அதற்கு முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். ஆனால் என் பரிந்துரை பொதுநாள் நடைக்கே. கட்டணம் இல்லை என்பதற்காக வெறுங்கையுடன் திரும்பாதீர்கள்; ஒரு குடும்பம் திரைப்படம் பார்க்க எவ்வளவு செலவழிக்குமோ அந்த அளவுத் தொகையை ரொக்கமாக எடுத்துப் போய், வெளியேறும்போது கொடுத்துவிட்டு வாருங்கள்.